எக்ஸ்.ஆர்.எஃப். பகுப்பாய்வில் ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: மஞ்சள் தூளில் ஈயம் தேடும் கணக்கு

மஞ்சள் தூளில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியின் (எக்ஸ்.ஆர்.எஃப்.) முன் உட்காருகிறவரிடம் மென்பொருள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, எந்த ஃபில்டர் என்பது. பட்டியலில் 'ஃபில்டர் இல்லை', 'அலுமினியம் 50', 'அலுமினியம் 200', 'வெள்ளி 100', 'செம்பு 300' என்று ஐந்தாறு பெயர்கள் இருக்கும். எண்கள் தகட்டின் தடிமனை மைக்ரோமீட்டரில் குறிப்பவை. கருவியை நிறுவ வந்த பொறியாளர் வைத்துவிட்டுப் போன அமைப்பையே பலர் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் ஓட்டுகிறார்கள். சதவீத அளவில் இருக்கும் தனிமங்களுக்கு அது போதும். ஆனால் இந்திய உணவு விதிகளில் மஞ்சளுக்கான ஈய வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். அந்த வரம்பை ஒட்டிய மாதிரியில் 'உண்டு', 'இல்லை' என்று கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டியவருக்கு, அந்தப் பட்டியலில் எதைச் சொடுக்குகிறோம், ஏன் சொடுக்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஃபில்டர் என்பது எக்ஸ்-கதிர்க் குழாய்க்கும் மாதிரிக்கும் இடையில் வைக்கப்படும் மெல்லிய உலோகத் தகடு; வேறொன்றும் இல்லை. குழாயின் கதிர் பட்டதும் மாதிரியிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் எக்ஸ்-கதிரை உமிழும்; அவற்றையே அதன் 'கோடுகள்' என்கிறோம். குழாயிலிருந்து இரண்டு வகைக் கதிர்கள் வருகின்றன. ஒன்று, எலக்ட்ரான்கள் குழாயின் உலோக இலக்கான ஆனோடில் மோதி வேகம் குறைவதால் உண்டாகும் தொடர் கதிர்வீச்சு. 40 கிலோ வோல்ட்டில் ஓட்டினால் 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை, அதாவது 40 கேஇவி வரை, மேடு போலப் பரந்து கிடக்கும். மற்றொன்று, ஆனோடு உலோகத்துக்கே உரிய கூர்மையான கோடுகள். மேசைக் கருவிகளில் பரவலாக இருக்கும் ரோடியம் ஆனோடுக்கு அவை 20.2 கேஇவியில் கே-ஆல்ஃபா, 22.7-இல் கே-பீட்டா, 2.7-இல் எல்-ஆல்ஃபா (கே, எல் என்பவை கோடு பிறக்கும் எலக்ட்ரான் கூடுகளின் பெயர்கள்). இவை எல்லாமே மாதிரியின் மீது விழுகின்றன. விழுந்தவற்றில் ஒரு பகுதி தனிமங்களைத் தூண்டுகிறது, மறு பகுதி எந்த வேலையும் செய்யாமல் சிதறி, கதிர்களை எண்ணும் டிடெக்டருக்குள் நுழைகிறது. டிடெக்டர் எண்ணியதை ஆற்றல்வாரியாகத் திரையில் காட்டும் நிறமாலையில் நாம் 'பின்னணி' என்று பார்ப்பது பெரும்பாலும் இந்தச் சிதறிய தொடர் கதிர்வீச்சுதான். அரைத்த மஞ்சள், பிளாஸ்டிக், மரத்தூள் போன்ற கரிமப் பொருள்கள் கதிரை உறிஞ்சுவதைவிடச் சிதறடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்பதால், உலோக மாதிரிகளில் பொருட்படுத்தத் தேவையில்லாத பின்னணி இங்கே மலைபோல் நிற்கும்.

இதிலிருந்தே தேர்வின் விதி பிறக்கிறது. தேடும் தனிமத்தின் கோடு எந்த ஆற்றலில் இருக்கிறதோ, அந்த ஆற்றலில் குழாயின் வெளிச்சத்தை அணைக்க வேண்டும். அந்தத் தனிமத்தைத் தூண்டும் ஆற்றலில், அதாவது அதைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலான உறிஞ்சு விளிம்புக்கு மேலே, வெளிச்சத்தை விட்டுவைக்க வேண்டும். எனவே ஒவ்வொரு தனிமத்துக்கும் இரண்டு எண்களைத் தாளில் எழுதிக்கொண்டுதான் ஃபில்டர் பட்டியலைத் திறக்க வேண்டும்: கோட்டின் ஆற்றல் ஒன்று, விளிம்பின் ஆற்றல் மற்றொன்று. ஃபில்டர் எந்தக் கோட்டையும் உயர்த்துவதில்லை. எப்போதும் குறைக்கத்தான் செய்கிறது. கோட்டைக் குறைப்பதைவிட அதன் அடியில் கிடக்கும் பின்னணியை அதிகமாகக் குறைத்தால் அது நல்ல ஃபில்டர். புதிதாகக் கருவியைத் தொடுகிறவர்கள் திரையில் உச்சி தாழ்ந்துவிட்டதைப் பார்த்துப் பதறி 'ஃபில்டர் இல்லை' என்பதற்குத் திரும்பிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உச்சியின் உயரத்தை மட்டும் பார்ப்பது, தராசின் ஒரு தட்டை மட்டும் பார்ப்பதைப் போன்றது.

ஈயத்துக்கு அந்த எண்கள்

ஈயத்தின் எல்-ஆல்ஃபா கோடு 10.55 கேஇவியிலும் எல்-பீட்டா 12.61 கேஇவியிலும் உள்ளன. அதன் எல் விளிம்புகள் மூன்று: 13.04, 15.20, 15.86. ரோடியத்தின் 20.2 கேஇவி கோடு மூன்றுக்கும் மேலே, அதிகத் தொலைவில்லாமல் இருப்பதால் ஈயத்தைத் தூண்டுவதற்கு இயல்பாகவே பொருத்தமானது. ஆகவே குழாயை 40 கிலோ வோல்ட்டில் ஓட்டி, ரோடியத்தின் கே கோடுகளை வெளியே விட்டு, 10 முதல் 13 கேஇவி வரையுள்ள பகுதியை இருட்டாக்கும் தகட்டைத் தேட வேண்டும்.

தகடு எவ்வளவு விடும் என்பதைக் கணக்கிடுவது கடினமன்று. உலோகத்தின் நிறை உறிஞ்சல் எண், அடர்த்தி, தடிமன் மூன்றையும் பெருக்கி, வரும் எண்ணை எதிர்க்குறியுடன் அடுக்குக்குறிச் சார்பில் இட்டால், கடந்து செல்லும் பங்கு கிடைக்கும். அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் ஹைட்ரஜன் முதல் யுரேனியம் வரையுள்ள தனிமங்களுக்கு இந்த உறிஞ்சல் எண்களை அட்டவணையாக வெளியிட்டிருக்கிறது. அந்த அட்டவணையை வைத்துக் கணக்கிட்டால், 200 மைக்ரோமீட்டர் அலுமினியம் ஈயத்தின் எல்-ஆல்ஃபா இருக்கும் இடத்தில் சுமார் 30 சதவீதத்தையும், எல்-பீட்டா இருக்கும் இடத்தில் 49 சதவீதத்தையும், ரோடியம் கே-ஆல்ஃபாவில் 83 சதவீதத்தையும் விடுகிறது. 500 மைக்ரோமீட்டர் அலுமினியத்துக்கு இதே மூன்று இடங்களில் 5, 17, 64 சதவீதம். 100 மைக்ரோமீட்டர் வெள்ளித் தகட்டுக்கு வந்தால் காட்சியே மாறிவிடுகிறது: 10.55-இல் கடப்பது லட்சத்தில் இரண்டு பங்கு, 12.6-இல் ஆயிரத்தில் ஒன்று, 20.2-இல் 15 சதவீதம்.

வெள்ளி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பார்க்கலாம். அதன் கே விளிம்பு 25.5 கேஇவி. ஓர் உலோகம் தன் விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள ஆற்றல்களை ஓரளவு தாராளமாகக் கடத்தும். விளிம்பைத் தாண்டியதும் உறிஞ்சல் சட்டென்று பல மடங்கு ஏறிவிடும். ரோடியத்தின் இரண்டு கே கோடுகளும் அந்தத் தாராளமான பகுதிக்குள் விழுகின்றன. விளைவாக, குழாயிலிருந்து வரும் கலவையான வெளிச்சம் தகட்டைக் கடந்தபின் ஏறத்தாழ ரோடியத்தின் தனி வெளிச்சம்போல ஆகிவிடுகிறது. ரோடியம் ஆனோடின் முன் ரோடியத் தகட்டையே வைக்கும் வழக்கமும் இதே காரணத்தால் வந்ததுதான். எந்த உலோகமும் தன் சொந்தக் கோட்டைத் தானே அதிகம் உறிஞ்சிக்கொள்வதில்லை.

கணக்கில் லட்சத்தில் இரண்டு என்று வந்தாலும் பின்னணி அந்த அளவுக்கு விழுந்துவிடாது. டிடெக்டருக்குள் மின்னூட்டம் முழுமையாகச் சேகரிக்கப்படாத நிகழ்வுகள், உயர் ஆற்றல் கதிர்கள் விட்டுச்செல்லும் வால், அறையின் சுவர்களிலிருந்து வரும் சிதறல் என்று ஒரு தரைமட்டம் எப்போதும் இருக்கும். அதனால் கணக்கு நமக்குச் சோதித்துப் பார்க்க வேண்டிய தகடுகளின் பட்டியலைத்தான் தரும். முடிவை அளவீடுதான் தர வேண்டும்.

எது சிறந்தது என்பதை அளந்து முடிவு செய்தல்

இரண்டு மாதிரிகளைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஒன்று, தூய செல்லுலோஸ் தூளை அழுத்திச் செய்த வில்லை. இதில் ஈயம் இல்லை. மற்றொன்று, ஈய அளவு நிச்சயமாகத் தெரிந்த, மஞ்சளை ஒத்த கரிமப் பொருளாலான வில்லை. இரண்டும் ஒரே எடை, ஒரே விட்டம், ஒரே அழுத்தத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். கரிம வில்லைகளில் கதிர் ஆழமாக ஊடுருவுவதால், எடை மாறினால் சிதறலும் மாறி, ஃபில்டரின் குற்றத்தை வில்லையும் வில்லையின் குற்றத்தை ஃபில்டரும் சுமக்கும்படி ஆகிவிடும். பிறகு பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபில்டரிலும் இரண்டையும் ஒரே நேர அளவுக்கு ஓட்டி, வெற்று வில்லையில் ஈயக் கோட்டின் இடத்தில் விநாடிக்கு எத்தனை எண்ணிக்கை வருகிறது என்பதையும், தெரிந்த வில்லையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் ஈயத்துக்கு எத்தனை எண்ணிக்கை கூடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முன்னது பின்னணி, பின்னது உணர்திறன். பின்னணியை அளவீட்டு நேரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதை மூன்றால் பெருக்கி உணர்திறனால் வகுத்தால் கண்டறி எல்லை, அதாவது கருவி நம்பகமாகக் காணக்கூடிய மிகக் குறைந்த அளவு, கிடைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஃபில்டர் இல்லாமல் உணர்திறன் 2, பின்னணி 400, நேரம் 100 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 400-ஐ 100-ஆல் வகுத்தால் 4, வர்க்கமூலம் 2, மூன்றால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கண்டறி எல்லை கிலோவுக்கு 3 மில்லிகிராம். ஃபில்டரை இட்டதும் உணர்திறன் பாதியாகி 1 ஆகிறது. பின்னணி 25-க்கு இறங்குகிறது. இப்போது எல்லை 1.5. திரையில் உச்சி பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கருவி முன்பைவிட இரு மடங்கு நுட்பமாகப் பார்க்கிறது. கணக்கு இத்துடன் முடியவில்லை. ஃபில்டர் கதிரைக் குறைத்துவிட்டதால் டிடெக்டருக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது. குழாயின் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் உணர்திறன் மீண்டும் 2, பின்னணி 50, எல்லை ஏறத்தாழ 1.1.

இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மஞ்சளில் இயற்கையாகவே பொட்டாசியம் மிகுதி, கால்சியமும் உண்டு. ஃபில்டர் இல்லாதபோது இவற்றின் 3.3, 3.7 கேஇவி கோடுகளும் சிதறிய மேடும் சேர்ந்து டிடெக்டரின் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. ஒவ்வொரு ஃபோட்டானையும் எண்ணி முடிக்கும்வரை மின்னணுச் சுற்று அடுத்ததை ஏற்காது என்பதால், டெட் டைம் ஏறிக்கொண்டே போகும். ஃபில்டர் போட்டபின் பழைய மின்னோட்டத்திலேயே ஓட்டுவது, கூட்டம் கலைந்த பிறகும் வாசல் கதவை ஒருக்களித்தே வைத்திருப்பதற்குச் சமம். டெட் டைம் உங்கள் கருவியின் கையேடு பரிந்துரைக்கும் அளவுக்கு வரும்வரை மின்னோட்டத்தை ஏற்ற வேண்டும். சிறிய குழாய்களில் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 10 வாட் குழாயை 40 கிலோ வோல்ட்டில் ஓட்டினால் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் போக முடியாது; அப்படிப்பட்ட கருவியில் வெள்ளி 100 ஈய உச்சியைப் பட்டினி போட்டுவிடக்கூடும், அலுமினியம் 500 வென்றுவிடவும் கூடும். 50 வாட் குழாய் உள்ளவர் வேறு முடிவுக்கு வருவார். இருவருமே சரி.

குரோமியம், காட்மியம், குளோரின்

ஈயம் தென்பட்டால் அடுத்த கேள்வி, அது மஞ்சள் நிறமியான ஈயக் குரோமேட்டா என்பது. வங்கதேசத்தில் மஞ்சளில் இந்த நிறமி கலக்கப்படுவது ஆய்வுகளில் வெளிவந்ததை அடுத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவிகளோடு சந்தைகளுக்கே சென்று சோதித்தார்கள். ஈயக் குரோமேட்டில் எடைக்கணக்கில் ஈயம் நான்கு பங்கென்றால் குரோமியம் ஒரு பங்கு. மாதிரியில் இந்த விகிதம் கிடைத்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் ஈயத்துக்குப் போட்ட வெள்ளித் தகட்டோடு குரோமியத்தைப் பார்க்க முயலக் கூடாது. குரோமியத்தின் கோடு 5.41, விளிம்பு 5.99 கேஇவி, அதைத் திறம்படத் தூண்டக்கூடிய 6 முதல் 12 கேஇவி வரையுள்ள கதிர்கள் எல்லாம் வெள்ளியிலேயே மடிந்துவிட்டன. மிஞ்சும் 20 கேஇவி கதிர் குரோமியத்துக்கு மிகத் தொலைவானது. இதற்கு 100 மைக்ரோமீட்டர் அலுமினியம் போதும்: 5.41-இல் 1.5 சதவீதமும், 8 கேஇவியில் 26 சதவீதமும், 10-இல் 49 சதவீதமும் அது விடுகிறது. ஆக, ஒரே மாதிரியை இரண்டு அமைப்புகளில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஒரே ஃபில்டரில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றி முடிவைக் கெடுக்கிறது. இடையில் ஒன்று: மாதிரியைத் துருப்பிடிக்காத எஃகு அரவை இயந்திரத்தில் அரைத்திருந்தால், அந்த எஃகின் குரோமியமும் தூளில் கலந்து விகிதத்தைக் குழப்பும், அதற்கு எந்த ஃபில்டரும் மருந்தில்லை.

காட்மியத்தின் கதை வேறு. மின்னணுப் பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) விதி ஈயத்துக்கு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பி.பி.எம்.) வரை இடம் தந்தாலும் காட்மியத்துக்கு 100 பி.பி.எம். மட்டுமே தருகிறது, அதனால் பிளாஸ்டிக் சோதிப்பவர்களுக்கு இதுதான் கடினமான தனிமம். காட்மியத்தின் கே-ஆல்ஃபா 23.17 கேஇவி, ரோடியத்தின் கே-பீட்டாவோ 22.7-இல் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறது. வெள்ளி ஆனோடு உள்ள கருவியில் நிலைமை இன்னும் மோசம்: 22.16, 24.94 என்ற வெள்ளியின் இரு கோடுகளுக்கு நடுவே காட்மியம் சிக்கிக்கொள்கிறது. இங்கே ஆனோடின் கோடுகள் உதவுவதில்லை, தொல்லைதான் தருகின்றன; 26.71 கேஇவி விளிம்பை எட்டவும் அவற்றால் முடியாது. எனவே 50 கிலோ வோல்ட்டில் ஓட்டி 300 மைக்ரோமீட்டர் செம்பை வைக்கிறோம். அது 22.7-இல் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே விடுகிறது. 30 கேஇவியில் 5 சதவீதமும், 40 கேஇவியில் 27 சதவீதமும் விடுகிறது. தொடர் கதிர்வீச்சின் மேல்முனை மட்டும் தனியாக வெட்டியெடுக்கப்பட்டு காட்மியத்தைத் தூண்டுகிறது. நிறமாலையில் வெறுமையான, தட்டையான தரையில் ஒரு சிறு மேடு எழுவதைப் பார்க்கும்போது, தடித்த செம்பு ஏன் கருவியோடு தரப்படுகிறது என்பது புரியும்.

குளோரினுக்கு 25 மைக்ரோமீட்டர் அலுமினியம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ரோடியத்தின் எல்-ஆல்ஃபா 2.70 கேஇவி, குளோரினின் கோடு 2.62. இரண்டையும் டிடெக்டரால் பிரிக்க இயலாது. உப்பே இல்லாத பொருளிலும் உப்பு இருப்பதுபோல் காட்டும். அந்த மெல்லிய தகடு 2.7 கேஇவியில் ஆயிரத்தில் ஒன்றைத்தான் விடுகிறது, 5 கேஇவியில் கால்பங்குக்கு மேல் விடுகிறது. கந்தகம், பாஸ்பரஸ், அதற்கும் கீழே உள்ளவற்றுக்கு ஃபில்டர் வேண்டாம். அவற்றைத் தூண்டுவதே அந்த ரோடியம் எல் கோடுகள்தான்.

ஃபில்டரால் ஆகாதவை

மாதிரியில் உள்ள இரு தனிமங்களின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஃபில்டர் எதுவும் செய்யாது. ஆர்சனிக்கின் கே-ஆல்ஃபா 10.54, ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10.55. இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடிய மாதிரியில் ஈயத்தை 12.61-இல் உள்ள எல்-பீட்டாவைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். வெள்ளித் தகடு அங்கேயும் பின்னணியை அணைத்திருப்பது அப்போது கைகொடுக்கும். அலுமினியம் 200 போட்டவருக்கு அந்த இடத்தில் பாதி வெளிச்சம் மிச்சமிருக்கும்.

ஃபில்டர் தானும் ஓர் உலோகம்தான், அதுவும் ஒளிரும். செம்புத் தகடு 8.05 கேஇவியில் தன் கோட்டை அனுப்பும்; அந்த அமைப்பில் மாதிரியின் செம்பைப் பற்றிப் பேசக் கூடாது. வெள்ளித் தகட்டின் 22.16 கேஇவி கோடு காட்மியத்தின் பக்கத்தில் வந்து நிற்கும். டைட்டேனியத் தகட்டின் 4.51 கோடு பேரியத்தின் எல்-ஆல்ஃபாவோடு கலந்துவிடும். தகடு தூய்மையற்றதாக இருந்தால் இன்னும் சிக்கல். பல ஆண்டுகளுக்கு முன், ஃபில்டர் செருகும் இடம் வெளியே திறந்திருந்த ஒரு பழைய கருவியில், உரிய தகடு தொலைந்துபோய்விட்டதால் சமையலறை அலுமினியத் தாளைப் பல மடிப்பாக மடித்துச் செருகினேன். வெற்று செல்லுலோஸ் வில்லையில் 6.4 கேஇவியில் ஓர் இரும்பு உச்சி எழுந்தது. செல்லுலோஸைச் சந்தேகித்துப் புதிய பாட்டிலைத் திறந்தேன். வில்லை அழுத்தும் எஃகு அச்சைச் சந்தேகித்து அதைத் தேய்த்துக் கழுவினேன். ஒரு பகல் போயிற்று. தாளை உருவியெடுத்ததும் அந்த உச்சி காணாமல் போனது. சமையலறைத் தாள் செய்யப் பயன்படும் 8011 வகை உலோகக் கலவையில் இரும்பு 0.6 முதல் 1 சதவீதம் வரை சேர்க்கப்படுகிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தகட்டை வாங்குவதானால் 99.99 சதவீதத் தூய்மை என்று கேட்டு வாங்குங்கள். மூடிய கருவியில், கதவு திறந்தால் கதிரை நிறுத்தும் பாதுகாப்புப் பூட்டான இன்டர்லாக்கை ஏமாற்றித் தகடு செருகும் வேலை மட்டும் ஒருபோதும் வேண்டாம். அதை உற்பத்தியாளரின் பொறியாளர்தான் செய்ய வேண்டும்.

படிக அமைப்புள்ள மாதிரிகளில் மற்றொரு போலி உச்சியும் வரும். தொடர் கதிர்வீச்சு படிகத் தளங்களில் பிராக் டிஃப்ராக்‌ஷனால், அதாவது சீராக அடுக்கப்பட்ட தளங்கள் குறிப்பிட்ட கோணத்தில் கதிரைத் திருப்புவதால், எந்தத் தனிமத்துக்கும் உரியதல்லாத ஓர் உச்சியை எழுப்பிவிடும். மாதிரியைச் சற்றுத் திருப்பி வைத்து மீண்டும் ஓட்டினால் அது நகரும் அல்லது மறையும். உண்மையான கோடு நகராது. அந்த ஆற்றலில் வெளிச்சத்தை அணைக்கும் ஃபில்டர் இருந்தால் இது எழவே எழாது.

ஃபில்டரை முடிவு செய்தபின் அதன் உலோகம், தடிமன், கிலோ வோல்ட், மின்னோட்டம் நான்கையும் அளவுத்திருத்தக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள். ஒரு ஃபில்டரில் போட்ட அளவுத்திருத்தக் கோடு மற்றொன்றுக்குச் செல்லாது. தினமும் காலையில் வெற்று வில்லையை ஒவ்வொரு ஃபில்டரிலும் ஒரு நிமிடம் ஓட்டி, ரோடியத்தின் காம்டன் உச்சி, அதாவது மாதிரியில் சிதறும்போது ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து 20.2-இலிருந்து இறங்கி 19 கேஇவியை ஒட்டி நிற்கும் அகன்ற மேடு, நேற்றைய அளவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் சக்கரம் பாதியில் சிக்கி நின்றாலும் மென்பொருள் சில வேளைகளில் 'வெள்ளி 100' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த மேடு திடீரென ஐந்தாறு மடங்கு உயர்ந்திருந்தால், சக்கரம் தகடில்லாத காலி இடத்தில் நிற்கிறது என்று பொருள்.